மேல் இரண்டரை அடி

வண்டியின் பின்னால் இழுத்துப்போகும் நடமாடும் வீடான டிராவல் டிரெய்லரைக் கழுவி வேக்ஸ் போடுவதில் முக்கால்வாசி வேலை தரையில் நின்றபடியே முடிந்துவிடும். வில்லங்கமெல்லாம் மேலே இருக்கிற இரண்டரை அடியில்தான். கூரை அழுக்கு முதலில் வழிகிற இடம் அது. வெயில் தின்று ஜெல்கோட், அதாவது ஃபைபர்கிளாஸ் சுவரின் பளபளப்பான மேல்பூச்சு, சுண்ணாம்பாய்ப் பொடிகிற இடமும் அது. கை எட்டாத இடமும் அதுவே. அதனால்தான் பல டிரெய்லர்கள் தோள் உயரம் வரை பளபளவென்றும், அதற்கு மேலே கறுப்பு வரி ஓடியும் நிற்கின்றன.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடுகிற சாதாரண டிராவல் டிரெய்லர், கூரைமேல் இருக்கும் ஏசியையும் சேர்த்து 10 முதல் 11½ அடி உயரம். பக்கச்சுவர் முடிந்து கூரை தொடங்கும் விளிம்பு 9 முதல் 10 அடியில் இருக்கும். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் கையைத் தூக்கினால் விரல்நுனி ஏறத்தாழ 7 அடியைத் தொடும். ஆனால் தொடுவது வேறு, தேய்ப்பது வேறு. காய்ந்த வேக்ஸைத் தேய்த்தெடுக்க அழுத்தம் வேண்டும். கை மார்புக்கும் உச்சந்தலைக்கும் நடுவில், அதாவது பாதத்திலிருந்து 4 முதல் 5½ அடிக்குள் இருந்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். விளிம்பு 9½ அடி என்று வைத்துக்கொண்டு 5½ அடியைக் கழித்தால் மீதி 4 அடி. பாதம் தரையிலிருந்து 4 அடி உயரத்தில், ஆடாமல் நிற்க வேண்டும். என்ன வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வரும். உங்கள் உயரத்தையும் உங்கள் டிரெய்லரின் விளிம்பையும் டேப்பால் அளந்து, கணக்கை உங்களுக்கென்று ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும். கழுவுவது கம்பு வேலை, வேக்ஸ் போடுவது மேடை வேலை. கழுவும்போது அழுத்தம் தேவையில்லை. நுரையும் மென்மையான பிரஷும் போதும், தரையிலிருந்தே செய்யலாம். வேக்ஸுக்குக் கம்பு உதவாது. ஆள்தான் மேலே போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஏணியில் முடிக்கப் பார்க்கிறவர்கள்தான் விழுகிறார்கள். சோப்புத் தண்ணீர் டிரைவ்வேயில் ஓடி ஏணிக் காலடியை நனைக்கும். ரப்பர் பாதம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடியில் சோப்பு புகுந்துவிட்டால் வழுக்கும். சனிக்கிழமை கழுவுங்கள், ஞாயிற்றுக்கிழமை காய்ந்த தரையில் வேக்ஸ் போடுங்கள்.

கம்பால் கழுவுவது

நம் வீட்டு ஒட்டடைக் கம்பின் பெரிய அண்ணன்தான் இந்த நீளும் கம்பு. நுனியில் 10 அங்குல அகல பிரஷ், உள்ளே தண்ணீர் ஓடும் குழாய், நடுவில் திருகி நீட்டும் பூட்டு. கடையில் 12 அடி வரை நீள்வது கிடைக்கும். முழுதும் நீட்ட ஆசை வரும், நீட்ட வேண்டாம். சுவரிலிருந்து 4 அடி தள்ளி நின்று, மேல்கை தரையிலிருந்து 5 அடியில் இருந்தால், 10 அடி விளிம்பைத் தொட மேல்கைக்கு அப்பால் ஆறரை அடிக் கம்பு போதும். இரண்டு கைகளுக்கும் இடையில் 2 அடி விட்டால் மொத்தம் 8½ அடி. அதற்கு மேல் நீட்டினால் கம்பு வளையும், பிரஷ் சுவரில் பாதிதான் படும், தோள்பட்டை மறுநாள் பேசும்.

பிரஷ் முடியின் நுனி பிளந்து பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள், குத்தினால் அது டயருக்கு. தலைப்பகுதி கோணம் மாற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. கம்பு சாய்ந்திருந்தாலும் பிரஷ் சுவரோடு தட்டையாக ஒட்டும். கம்பு வழியே தண்ணீர் இறங்கி முழங்கை வழியாகச் சட்டைக்குள் போவது இந்த வேலையின் தீராத தொல்லை. மேல்கைக்கு ஒரு அடி மேலே ஒரு பழைய துணியை இரண்டு சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள், அங்கேயே சொட்டிவிடும். கம்புப் பிடி உலர்ந்திருப்பது சுகத்துக்கு மட்டுமில்லை, பிடி நழுவாமல் இருக்கவும்தான்.

கம்பைத் தூக்குவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். புறநகர் வீடுகளில் தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி பெரும்பாலும் டிரைவ்வேக்கு மேலேயே தொங்கும். அலுமினியக் கம்பு, உள்ளே தண்ணீர், ஈரத்தரை என்று மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கம்பும் ஏணியும் கம்பியிலிருந்து 10 அடிக்குள் வரக் கூடாது. டிரெய்லரை அங்கிருந்து நகர்த்த முடியாவிட்டால் கண்ணாடியிழைக் கம்பும் கண்ணாடியிழை ஏணியும் ஓரளவு பாதுகாப்பு. ஈரமான கண்ணாடியிழையும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அந்த 10 அடி அப்போதும் பொருந்தும்.

கழுவும் வரிசை: கூரை, பிறகு சுவர். கூரையைக் கடைசியில் கழுவினால் அந்த அழுக்கு முழுக்கச் சுத்தமான சுவரில் இறங்கும். சுவரைத் தொடங்கும் முன், மேலிருந்து கீழ்வரை சும்மா தண்ணீர் விட்டு நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த சுவரில் சோப்பு வழிந்து காய்ந்தால், பிறகு எவ்வளவு கழுவினாலும் அந்த வரி தெரியும். 5 கேலன் வாளியில் 3 கேலன் தண்ணீர், அதில் புட்டியில் சொன்ன அளவு வாகனச் சோப்பு. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், இருக்கிற வேக்ஸையும் அது எடுத்துவிடும். நிழலில் வேலை செய்யுங்கள். சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தால் சுடக் கூடாது. ஃபிரிட்ஜ் வெளிக்காற்றுத் துளை, ஃபர்னஸ் புகைவாய், வாட்டர் ஹீட்டர் கதவு ஆகியவற்றின் மேல் தண்ணீர் கீழிருந்து மேலாகப் பாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவற்றின் தகடுகள் மழைக்காகச் செய்தவை. மழை மேலிருந்துதானே வரும்!

பிரஷர் வாஷர் இருக்கிறதே என்பார்கள். எட்டாத உயரத்துக்கு அதுதான் சுலபம் என்று தோன்றும். இரண்டு காரணத்தால் வேண்டாம். கூரை விளிம்பு, ஜன்னல் சட்டம், விளக்கு எல்லாவற்றையும் சுற்றி அடைத்திருக்கும் சீலன்ட் வயதாகிக் காய்ந்திருக்கும். அதன் விரிசலுக்குள் அந்த வேகத் தண்ணீர் புகுந்தால் உள்ளே இருக்கும் பலகை ஊறும், ஆறு மாதம் கழித்துச் சுவர் உப்பும்போதுதான் தெரியும். ஸ்டிக்கர்களின் ஓரத்தையும் பிய்த்துவிடும். இரண்டாவது, ஏணியில் நின்று அதன் விசையை அழுத்தினால் துப்பாக்கி மாதிரி பின்னால் உதைக்கும். தரையில் அது ஒன்றுமில்லை. ஐந்தாவது படியில் நிற்கிறவருக்கு அந்த உதை போதும்.

கூரை: ஏறத்தான் வேண்டுமா?

டிரெய்லரின் பின்னால் ஏணி பொருத்தியிருந்தால் கூரைமேல் நடக்கலாம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. ஏணியே வைக்காமல் விற்ற டிரெய்லர் என்றால், கூரை ஆள் எடையைத் தாங்காது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அந்தப் பின்ஏணிக்கும் எடை வரம்பு உண்டு. அதைப் பிடித்திருப்பவை மெல்லிய சுவருக்குள் போன சில திருகுகள். ஏறும் முன் இரண்டு கையாலும் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். அடிப்பாகம் அசைந்தால், திருகைச் சுற்றி சீலன்ட் பிளந்திருந்தால், பழுப்பு நிறத் தண்ணீர் வழிந்த தடம் இருந்தால், உள்ளே மரம் அழுகியிருக்கிறது என்று பொருள். அதில் கால் வைக்க வேண்டாம்.

கூரையின் விரிப்பு, ரப்பர் வகையான ஈபிடிஎம் ஆனாலும் பிளாஸ்டிக் வகையான டிபிஓ ஆனாலும், நனைந்தால் சோப்புக்கட்டிதான். மேலே ஏறுவதென்றால் காலைப் பனி காய்ந்த பிறகு, மென்மையான அடியுள்ள சுத்தமான காலணியோடு ஏறுங்கள். அடியில் ஒரு சரளைக் கல் ஒட்டியிருந்தாலும் விரிப்பைக் கிழிக்கும். 2 அடிக்கு 2 அடி, அரை அங்குலப் பிளைவுட் துண்டு இரண்டு, அடியில் பழைய கம்பளம் ஒட்டியது. ஒன்றில் முழங்காலிட்டு அடுத்ததை நகர்த்திக்கொண்டே போனால் எடை இரண்டு மூன்று குறுக்குச் சட்டங்களுக்குப் பரவும். விளிம்பிலிருந்து 2 அடிக்குள் போக வேண்டாம். திரும்பிப் பார்க்காமல் பின்னோக்கி நகராதீர்கள். ஹோஸை நடுவாக்கில் மேலே கொண்டுவாருங்கள். பக்கவாட்டில் தொங்கவிட்டால் அதன் எடையே இழுக்கும், காலிலும் சிக்கும். ஏணிக்கு எதிர்முனையில் தொடங்கி ஏணியை நோக்கிக் கழுவிக்கொண்டு வந்தால், கடைசிவரை உலர்ந்த இடத்தில்தான் நிற்பீர்கள், இறங்கும் வழியும் உலர்ந்தே இருக்கும்.

என் கருத்தில், கழுவுவதற்காக மட்டும் கூரையில் ஏறத் தேவையில்லை. கூரையின் அகலம் 8 அடி. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் 4 அடி எட்டினால் போதும். பாதம் 5½ அடியில் இருந்தால் கண் விளிம்புக்கு மேலே வந்துவிடும், 6 அடிக் கம்பால் நடுக்கோடு வரை தேய்க்கலாம். கைப்பிடியுள்ள மேடையில் நின்று செய்ய வேண்டிய காரியம் இது. வெறும் ஏணியில் நின்று நீளக் கம்பைத் தள்ளுவது தலைவலி. ஏறவேண்டியது வருடத்துக்கு இரண்டு முறை, சீலன்டை உட்கார்ந்து பார்க்க. அப்போது தண்ணீர் வேண்டாம். ஈபிடிஎம் கூரையில் பெட்ரோலியம் கலந்த கிளீனரும் எலுமிச்சை எண்ணெய்க் கிளீனரும் படக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். கூரைக்கு வேக்ஸும் கிடையாது.

முன்முகத்தைக் கீழே இறக்குங்கள்

நாம் மேலே போவதற்குப் பதில் டிரெய்லரைக் கீழே கொண்டுவரலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. முன்முகம்தான் இருப்பதிலேயே மோசமான இடம். பூச்சி அடித்துக் காய்ந்திருக்கும், மேல்பகுதி வளைந்து பின்னால் போகும், அடியிலோ இழுப்புச் சட்டம், கேஸ் சிலிண்டர், பேட்டரி, ஜாக் என்று ஏணி வைக்க இடமே இருக்காது.

இழுக்கும் வண்டியிலிருந்து கழற்றிய பிறகு, முன் ஜாக்கைச் சுற்றி டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள். இழுக்கும் வண்டியோடு மாட்டும் முனையான கப்ளரிலிருந்து சக்கர அச்சு 16 அடி, முன்முகம் அச்சிலிருந்து 13 அடி என்றால், கப்ளரை 10 அங்குலம் இறக்கினால் முன்முகம் 8 அங்குலம் இறங்கும். அந்த 8 அங்குலம் ஒரு ஏணிப்படியில் மூன்றில் இரண்டு பங்கு. முன்முகம் முடிந்ததும் ஜாக்கை எதிர்ப்பக்கம் சுற்றி மூக்கைத் தூக்கினால், அச்சுக்கு 9 அடி பின்னால் இருக்கும் பின்சுவர் 5 அங்குலத்துக்கு மேல் இறங்கும். கூரைத் தண்ணீர் தேங்காமல் ஓடுவது கூடுதல் லாபம்.

இதில் கெடுத்துக்கொள்ள வழிகளும் உண்டு. மூக்கை அசைக்கும் முன் நான்கு மூலை ஸ்டெபிலைசர்களும் முழுக்க மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரெய்லரின் எடை முழுதும் பின்மூலை ஜாக்கில் ஏறி அது வளையும். அது ஆட்டத்தை நிறுத்த வைத்தது, தூக்க வைத்ததல்ல. இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சாய்த்து முடித்த பிறகு ஸ்டெபிலைசர்களைத் தரை தொடும் அளவுக்கு இறக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழுத்தித் தேய்க்கத் தேய்க்கச் சுவர் ஸ்பிரிங்கில் ஆடும். 10 அங்குலம் என்பது சுமார் 3 டிகிரிச் சரிவு. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் அந்தச் சரிவில் மணிக்கணக்காக ஓடக் கூடாது, அணைத்துவிடுங்கள். கதவடிப் படியையும் உள்ளே மடக்குங்கள், பின்னால் நகரும்போது கெண்டைக்காலில் இடிக்கும்.

எதன்மேல் நிற்பது?

முதலில் எதில் நிற்கக் கூடாது: டிரெய்லர்மேல் சாய்த்த ஏணியில். வீட்டுச் செங்கல் சுவருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். இந்தச் சுவர் மெல்லிய ஃபைபர்கிளாஸ் தகடு, பின்னால் நுரைப்பலகை. அழுத்தினால் குழியும். விளிம்பில் ஓடும் மழைநீர்க் காடி பிளாஸ்டிக்கோ மெல்லிய அலுமினியமோ, நெளிந்துவிடும். வளைந்த அலுமினிய உடலுள்ள ஏர்ஸ்ட்ரீம் மாதிரி டிரெய்லரில் சாய்த்தால் பள்ளம் நிச்சயம். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் அப்போதுதான் வேக்ஸ் போட்டு வழவழப்பாக்கிய சுவர் அது. ஏணியின் மேல்முனை பக்கவாட்டில் சறுக்க வேறென்ன வேண்டும்? சாய்க்காமல் தானே நிற்கும் சாதனம்தான் வேண்டும்.

எல்லோர் வீட்டிலும் இருப்பது மடக்கி விரிக்கும் ஏணி. 6 அடி ஏணியில் நிற்கக்கூடிய உச்சப்படி 4 அடிக்குக் கொஞ்சம் கீழே. கணக்குக்குச் சரியாக வருகிறதே என்று தோன்றும். ஏறி நின்றால் ஏணியின் தலை உங்கள் முழங்கால் அளவில் இருக்கும், பிடிக்கவோ சாயவோ ஒன்றும் இல்லை. இரண்டு கையிலும் வேலை, உடம்பு வெறுங்காற்றில். 8 அடி ஏணியில் அதே 4 அடிப் படியில் நின்றால் ஏணித்தலை இடுப்புக்கு மேலே வரும், தொடையைச் சாய்த்துக்கொள்ளலாம். வேலைக்குத் தேவையானதைவிட ஒரு அளவு பெரிய ஏணியை எடுத்து, பாதி உயரத்தில் நில்லுங்கள். பெரிய ஏணி அகலமாக விரியும், சுவரிலிருந்து தள்ளி நிற்கும் என்பது குறை. அதற்கும் வழி இருக்கிறது. டிரெய்லர் சுவரின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 2 அடி மேலே; சக்கரமும் ஸ்டெபிலைசரும் இல்லாத இடத்தில் ஏணியின் பின்காலை அந்த அடியில் நுழைத்துவிடலாம். அரை அடிக்கு மேல் சுவரை நெருங்கிவிடுவீர்கள்.

ஏணி எப்போதும் சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல. மடக்கேணி முன்பின்னாக அகலமாக விரிந்திருக்கிறது, பக்கவாட்டில் குறுகல். பாலிஷரைச் சுவரில் அழுத்தினால் சுவரும் உங்களை அதே பலத்தில் திருப்பித் தள்ளும். ஏணி சுவரைப் பார்த்திருந்தால் அந்தத் தள்ளலை அகலமான விரிப்பு வாங்கிக்கொள்ளும். சுவருக்கு இணையாக வைத்துத் திரும்பி நின்று அழுத்தினால், அதே தள்ளல் ஏணியைக் குறுகிய பக்கமாகக் கவிழ்க்கும். "மெதுவாகத்தான் தேய்த்தேன், ஏணி தானாகச் சாய்ந்தது" என்று சொல்லப்படும் விபத்துகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். இடுப்பு பெல்ட்டின் பக்கிள் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவிலேயே இருக்கட்டும். அது வெளியே போகிறதென்றால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். உச்சித் தட்டிலும் அதற்கு அடுத்த படியிலும் நிற்கக் கூடாது.

எடை வரம்பைச் சிட்டையில் பாருங்கள். அமெரிக்க ஏணிகளில் டைப் 3 என்றால் 200 பவுண்டு, டைப் 2 என்றால் 225, டைப் 1 என்றால் 250, டைப் 1ஏ என்றால் 300. அது உங்கள் எடை மட்டுமல்ல; பாலிஷர், வாளி, ஈரத்துணி எல்லாம் சேர்ந்த எடை. டைப் 3 எடை தாங்கினாலும் முறுக்கும். ஆடும் ஏணியில் நிற்கிறவர் பாதி கவனத்தை நிற்பதற்கே செலவழிப்பார்.

20 அங்குல உயர அலுமினிய வேலைமேடை, சுமார் 4 அடி நீளம், ஒரு அடிக்கு மேல் அகலம். மலிவு, மடக்கி டிரெய்லர் அடிப்பெட்டியிலேயே போடலாம். கணக்கைப் பாருங்கள்: 20 அங்குலமும் 5½ அடியும் சேர்ந்தால் 7 அடி சொச்சம். ஜன்னல் மேல்விளிம்பு வரைக்கும் அருமை; மேல் இரண்டரை அடிக்கு எட்டாது. எட்டவில்லை என்று அதன்மேல் ஒரு முக்காலி வைப்பவர்களும் உண்டு. வேண்டாம்.

நடுத்தர டிரெய்லருக்கு என் தேர்வு பிளாட்ஃபார்ம் ஏணி. 4 அடி உயரத்தில் இரண்டு காலும் தட்டையாக வைக்கும் தட்டு, சுற்றிலும் இடுப்பளவுக் கம்பி. குறுகிய ஏணிப்படிமேல் மணிக்கணக்காக நின்றால் பாதத்தின் நடுவில் வரும் வலி இதில் வராது. வலி வராததால் காலை மாற்றி மாற்றி வைக்கும் ஆட்டமும் இல்லை. விலை கூடுதல்தான்.

30 அடி டிரெய்லர், அல்லது 13 அடி தாண்டும் ஃபிஃப்த் வீல் (பிக்கப்பின் சரக்குத் தட்டில் மாட்டும் பெரிய டிரெய்லர்) என்றால், சக்கரம் வைத்த சிறு சாரத்தை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். உள்வேலைக்காரர்கள் பயன்படுத்துவது: 6 அடி நீளம், 2½ அடி அகலம், பலகையை வேண்டிய உயரத்தில் மாட்டி ஊசி செருகலாம். ஒரே நிலையில் 5 அடி அகலச் சுவரை முடித்துவிடலாம். ஏணியில் அதே 5 அடிக்கு மூன்று முறை இறங்கி ஏற வேண்டும். ஆனால் இது சமதளக் கான்கிரீட்டுக்கு மட்டும். புல்லிலும் ஜல்லியிலும் அந்தச் சின்னச் சக்கரம் புதையும். நான்கு சக்கரப் பூட்டும் போட்ட பிறகே ஏறுங்கள், ஆள் மேலே இருக்கும்போது நகர்த்தாதீர்கள், குறிப்பாக டிரெய்லரின் காடியைப் பிடித்து இழுத்துத் தானே நகர்ந்துகொள்ளாதீர்கள். கொத்தனார் சாரத்தில் நின்று சுவரைப் பிடித்துச் சாய்வதைப் பார்த்திருப்போம், அவர் கட்டியது மண்ணில் நட்ட சாரம்; இது உருளும் வண்டி. இரண்டு சாதாரண மடக்கேணிகளின் படியில் பலகை போட்டு நிற்பதும் இந்த வகை ஆசைதான். பலகை தாங்குவதற்கென்றே செய்த ஏணிகளும் அதற்கான அலுமினியப் பலகையும் தனியாக உண்டு.

டிரைவ்வே தெருவை நோக்கிச் சரிந்திருந்தால் ஏணியின் ஒரு பக்கம் எப்போதும் தாழ்ந்திருக்கும். காலடியில் செங்கல்லோ புத்தகமோ கொடுக்காதீர்கள். நீட்டிப் பூட்டும் காலுள்ள ஏணி வேண்டும், அல்லது சமதளம் பார்த்து டிரெய்லரை நிறுத்த வேண்டும். புல்தரையில் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு அடிச் சதுரப் பிளைவுட். வீட்டுவாசலில் டிரெய்லர் நிறுத்தவே குடியிருப்புச் சங்கம் அனுமதிக்காத இடங்களில், பெரிய வண்டிகள் கழுவும் நிலையங்களை விசாரியுங்கள். சிலவற்றில் பக்கவாட்டில் உயர்ந்த நடைமேடையே கட்டியிருக்கும். கழுவுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

மேலே நிற்கும் நேரத்தைக் குறைப்பது

25 அடி டிரெய்லரின் சுற்றளவு ஏறத்தாழ 60 அடி. மேல் இரண்டரை அடிப் பட்டை மட்டும் 150 சதுர அடி. 2 அடிக்கு 2 அடி கட்டமாகச் செய்தால் 38 கட்டம். ஒவ்வொன்றிலும் பூசுவது, காயவிடுவது, துடைப்பது. சுவர் பொடிந்திருந்தால் அதற்கு முன், பொடிந்த படலத்தைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்டு, பாலிஷ் என்று இன்னும் இரண்டு சுற்று. எந்தப் பொருளைப் பூசுவது என்பதை முடிவு செய்வதே பாதுகாப்பு முடிவுதான். கீழே நல்ல வேக்ஸும் மேலே வேறொன்றும் போடுவதில் தவறே இல்லை.

கறுப்புத் துணியால் மேல்பட்டையை அழுத்தித் தேயுங்கள். துணியில் வெள்ளைப் பொடி வராவிட்டால், நனைந்த சுவரில் தெளித்து உடனே தண்ணீர் அடித்துக் கழுவும் வகைப் பாலிமர் சீலன்ட் போதும். தோட்டத்து பம்ப் ஸ்ப்ரேயரின் குழலைக் கம்பில் கட்டித் தரையிலிருந்தே தெளிக்கலாம். நான்கைந்து அடி அகலம் தெளித்தவுடன் கழுவிவிட வேண்டும். வெயிலில் காய்ந்தால் வழிந்த தடம் அப்படியே உறையும், அதை எடுக்க ஏணிதான். பேஸ்ட் வேக்ஸ் அளவுக்கு நிலைக்காது, சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தெளிக்க வேண்டும். ஏணியில் ஏறாமல் கிடைக்கிறதென்றால் அது நல்ல பேரம். தரை மெழுகுத் திரவத்தைத் துடைப்பானால் பூசினால் கண்ணாடி மாதிரி மின்னும் என்று ஒரு வழக்கம் உண்டு; மின்னும்தான், ஆனால் மஞ்சளாகி உரியத் தொடங்கினால் முழுதையும் கரைத்தெடுப்பது பெரும்பாடு.

பொடி வந்தால் ஒருமுறையாவது மேடையேறிக் காம்பவுண்டு போட்டே ஆக வேண்டும். பேட்டரியில் ஓடும் ஆர்பிட்டல் பாலிஷர், 5 அல்லது 6 அங்குலப் பேட். வயர் உள்ளதானால், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக்கில் மட்டும், வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டு. பேடில் நான்கு சொட்டு காம்பவுண்டு மருந்து, இயந்திரத்தைச் சுவரில் வைத்த பிறகே விசையை அழுத்துங்கள். காற்றில் ஓடவிட்டால் மருந்து கண்ணில் தெறிக்கும், கண்ணைத் துடைக்கப் போகும் கை ஏணியைப் பிடித்திருந்த கையாக இருக்கும். மேல்விளிம்பில் வரிசையாக இருக்கும் மஞ்சள், சிவப்புச் சிறுவிளக்குகளைச் சுற்றி 3 அங்குலம் கையால்தான். பேடின் ஓரம் விளக்கு மூடியில் மாட்டினால் இயந்திரம் திடீரென்று மணிக்கட்டைத் திருப்பும். சீலன்ட் கோட்டிலும் அப்படியே. ஸ்டிக்கர்மேல் காம்பவுண்டு வேண்டாம். கறுப்பு ரப்பர் பட்டிகளுக்கு முதல் நாளே பெயின்டர் டேப் ஒட்டிவிடுங்கள், வேக்ஸ் பட்டால் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளை மெலமின் ஸ்பான்ஜ் கறுப்பு வரியை மந்திரம்போல எடுக்கும், கூடவே வேக்ஸையும் ஜெல்கோட்டின் பளபளப்பையும். அது உண்மையில் மெல்லிய உப்புத்தாள்தான்.

துணியும் மருந்தும் இடுப்புப் பையில் இருக்கட்டும். ஏணித்தட்டில் வைத்தால் விழும், விழுவதைப் பிடிக்கக் கை தானாகப் போகும். டிரெய்லர் நீளத்துக்கு மேல்பட்டையைப் பூசி முடித்துவிட்டுத் துடைக்கத் திரும்புவதைவிட, நிற்கும் இடத்தில் இரண்டு கட்டம் பூசி, துடைத்து, பிறகு இறங்குவது மேல். ஏறி இறங்குவதே பாதியாகும். கதவுப் பக்கம் மடித்திருக்கும் நிழல்துணியின் உருளைமேல் கையூன்றாதீர்கள், அது உருளும். வெளியே நீளும் ஸ்லைடு அறைகளை நீட்டி வைத்தே பக்கங்களைக் கழுவுங்கள், அதன் கூரைமேல் எடை வைக்கக் கூடாது.

கறுப்பு வரிகள் எங்கிருந்து வருகின்றன என்று நெருங்கிப் பார்த்தால், பெரும்பாலும் நான்கு மூலைகளிலும் காடி முடியும் மூக்குகளுக்கு நேர்கீழே அடர்த்தியாக இருக்கும். தொழிற்சாலையில் வைக்கும் அந்த மூக்கு ஓரிரு அங்குலம்தான் நீளும். கூரைத் தண்ணீர் காற்றில் திரும்பிச் சுவரிலேயே வழியும். அதில் செருகும் நீட்டிப்பு மூக்கு சில டாலருக்குக் கிடைக்கிறது, 4 அங்குலம் வெளியே தள்ளிவிடும். நான்கையும் செருக ஒரே ஒருமுறை மேடையேறினால் போதும். டிரெய்லரை நிறுத்தும்போது அதன் முன்பக்கத்தை ஒரு இரண்டு அங்குலம் தாழ்த்தி வைத்தால் தண்ணீர் முன்மூலைகள் வழியாகவே போகும். அந்த இரண்டு மூலைகளைத்தான் அடுத்த முறை ஏறித் தேய்க்க வேண்டியிருக்கும்.